அரைப்பேர்

மூன்று கிழமையாகத் தராசு பிதற்றுகிறது
என்றுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.
மஸ்கெலியாவுக்கு மேலே
ஓட்டோ ஏற மறுத்த இடத்திலிருந்து
பையைத் தலையில் வைத்து மழைக்குள் நடந்தேன்.

கொழுந்து மடுவத்தில் ஒரு மேசை,
மேசைமேல் பழைய லினக்ஸ் பெட்டி,
அதன் பின்னாலிருந்து சாம்பல் நிறக் கம்பி ஒன்று
சுவரோரம் ஓடித் தராசின் முதுகில் முடிகிறது.
கம்பியின் கழுத்தில் யாரோ
கறுப்பு டேப் சுற்றியிருக்கிறார்கள்,
தொண்டை நோவுக்குத் துணி கட்டியதுபோல்.

திரையில் நிறை இப்படி வந்தது:
கேள்விக்குறி, கட்டம், கட்டம்,
வால் முளைத்த ஏதோ ஒன்று,
மறுபடி கேள்விக்குறி.

பிழை தராசில் இல்லை.
அது இரண்டாயிரத்து நானூறு வேகத்தில்
நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தது.
இடி விழுந்த நாளில் அமைப்புகளை மறந்த பெட்டி
ஒன்பதாயிரத்து அறுநூறில் கேட்டுக்கொண்டிருந்தது.
அது ஏழு பிட் அனுப்பி இரட்டைச் சமன் பார்க்க,
இது எட்டுக்குக் காத்திருந்தது, சமன் பார்க்காமல்.
என் வீட்டிலும் இப்படி ஒரு கம்பி உண்டு.
அதை விடுங்கள்.

வேகத்தைக் குறைத்தேன், பிட்டைக் குறைத்தேன்.
எண்கள் வந்தன, கழுவி வைத்த கோப்பைகள்போல்.

உடனே கரண்ட் போனது.
திரும்பி வந்தபோது தராசின் பேர் மாறியிருந்தது:
முன்பு பூச்சியம், இப்போது ஒன்று.
முந்தி விழித்தவருக்குப் பூச்சியம், பிந்தியவருக்கு ஒன்று,
பெட்டிக்குத் தெரிந்த முறை அவ்வளவுதான்.
இங்கே நாளைக்கு நாலு தரம் கரண்ட் போகும்.
கம்பியின் தொடர் இலக்கத்தைத் தேடியெடுத்து
ஒற்றை வரியில் விதி எழுதினேன்:
எந்தத் துளையில் செருகினாலும், எப்போது விழித்தாலும்
இதன் பேர் மடுவம்.

"தராசுக்குப் பேர் போட்டாச்சு" என்றேன்.
ஐசக் கிளாக்கர் சிரிக்கவில்லை.
வெளியே படங்கு சொட்டச் சொட்ட வரிசை நின்றது.
அவர்களும் பேருக்குத்தான் நின்றார்கள்.
இருபது கிலோ என்றால் முழுப்பேர்.
குறைந்தால் அரைப்பேர்.

சோதிக்க இருபது கிலோப் படிக்கல்லைத் தூக்கி வைத்தேன்.
தராசின் சிவப்பு எண் இருபது.
கம்பியில் வந்தது இருபது.
பதிவேட்டில் விழுந்தது பதினெட்டு.

வரிசையின் முதலில் நின்ற பவளராணி
எட்டிப் பார்த்தாள்.
"என்னாங்க மிஸ்,
இரும்பும் மழையில நனைஞ்சிருச்சா?
அதுக்கும் அரைப்பேரா?"

எல்லாவற்றையும் மறந்த பெட்டி
ஒரு வரியை மட்டும் மறக்கவில்லை.
சாக்கு, ஈரம்: இரண்டு கழி.
ஆள் யார், வெயிலா மழையா என்று
அந்த வரி கேட்பதில்லை.

கம்பி பிதற்றிய மூன்று கிழமையும்
சிவப்பு எண்ணைப் பார்த்துக் கையால் எழுதியிருக்கிறார்கள்.
மூன்று கிழமை முழுப்பேர்.
வந்ததிலிருந்து ஒருத்தியும் என் முகம் பார்க்காதது ஏன் என்று
அப்போதுதான் விளங்கியது.

பெட்டிக்குள் நான் ரூட்.
எதையும் அழிப்பேன்.
மடுவத்தில் நான் ஆறாயிரம் ரூபாய்க்கு வந்தவள்.
வேலைச்சீட்டில் எழுதியிருப்பது
கம்பியைப் பேச வைக்கவும் என்று மட்டும்.

அமைப்புகளில் எதிரொலி என்று ஒரு சொல் உண்டு.
அணைத்து வைத்தால்
அனுப்பியது அனுப்பியவர் கண்ணில் படாது.
அந்த எதிரொலி வேறு, எனக்குத் தெரியும்.
ஆனாலும் அந்தச் சொல்லில்தான் கை நின்றது.

கழிவு வரியைத் தொடவில்லை.
சீட்டு அச்சடிக்கும் இடத்தில்
இன்னும் இரண்டு வரி சேர்த்தேன்.

முதல் சீட்டு பவளராணிக்கு.
நிறை இருபத்தொன்று நாலு.
கழிவு இரண்டு.
பதிவு பத்தொன்பது நாலு.
வாசித்தாள். நன்றி சொல்லவில்லை.
நாலாய் மடித்துத் தலைத்துணிக்குள் செருகிக்கொண்டு
போகாமல் நின்றாள்.
பின்னால் இருந்தவர்கள் தங்கள் சீட்டுக்குக் கை நீட்டினார்கள்.

ஐசக் கிளாக்கர் ஆபீசுக்குப் போன் எடுத்தார்,
வாசலுக்கு வந்து உயர்த்திப் பிடித்தார்,
மழைக்குள் கொஞ்சம் இறங்கியும் பார்த்தார்.
ஒரு கோடுகூட இல்லை.